பெர்லினில் ஒரு குடும்ப டாக்டரைப் பிடிப்பது எப்படி?

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். சொந்த ஊர் திருச்சி. கணவருக்குப் பெர்லினில் வேலை கிடைத்ததால் போன வருடக் கடைசியில் இங்கே வந்தோம். வீடு லிக்டன்பெர்க்கில். நானும் 4 வயது மகனும் தனிக் கட்டணம் இல்லாமல் கணவரின் காப்பீட்டிலேயே சேர்ந்திருக்கிறோம். கார்டும் வந்துவிட்டது, ஆனால் டாக்டர்தான் கிடைக்கவில்லை. எங்கே போன் செய்தாலும் புது நோயாளிகளை எடுப்பதில்லை என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். நாங்கள் வெளிநாட்டுக்காரர்கள் என்பதால்தானா? போன மாதம் ஓர் இரவு பையனுக்கு 39.5 டிகிரி காய்ச்சல். ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். பாராசிட்டமால் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், ஓர் ஊசிகூடப் போடவில்லை. எனக்குத் தைராய்டு இருக்கிறது, தினம் 75 மைக்ரோகிராம் மாத்திரை. ஊரிலிருந்து கொண்டுவந்தது இன்னும் ஒரு மாதத்துக்கு வரும். பிறகு அப்பாவைப் பார்சலில் அனுப்பச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அடுத்த குழந்தைக்கும் யோசிக்கிறோம். வைத்தியத்துக்கு ஊருக்கே வந்துவிட்டுப் போ என்கிறார் மாமியார். கோடையில் அம்மா 3 மாதம் வந்து தங்கப் போகிறார். அவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. எனக்கு ஜெர்மன் இன்னும் சரியாக வராது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பையனின் காய்ச்சலைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்த ஊரில் குடும்ப மருத்துவராக வேலை பார்க்கும் என்னைக் கவலைப்பட வைத்தது, போகிற போக்கில் நீங்கள் சொன்ன தைராய்டு விஷயம். அடுத்த குழந்தைக்கு யோசிப்பதாகச் சொல்கிறீர்கள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வயிற்றில் இருக்கும் சிசுவின் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். சிசுவின் சொந்தச் சுரப்பி வேலையை எடுத்துக்கொள்ள நாளாகும். அதனால் கருத்தரிப்பதற்கு முன்பே, தைராய்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்து, அது 2.5-க்குக் கீழே இருக்கும்படி மாத்திரையைச் சரிசெய்வோம். கர்ப்பம் தரித்ததும் பெரும்பாலான பெண்களுக்கு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டிவரும். முதல் பாதியில் சுமார் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்போம். இதை ஊருக்குப் போய் வந்து செய்ய முடியாது. மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் உங்களுக்கு டாக்டர் வேண்டியது நீங்கள் குடியிருக்கும் ஊரில்.

கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இங்கே வந்த பிறகு பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். அதுதான் முதல் வேலை.

பார்சல் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து தனி ஆட்கள் தபாலில் மருந்து வரவழைப்பதை ஜெர்மன் சட்டம் அனுமதிப்பதில்லை. சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள், நீங்கள் மாத்திரை இல்லாமல் இருப்பீர்கள். அதற்குத் தேவையும் இல்லை. நீங்கள் சாப்பிடும் லெவோதைராக்ஸின் இங்கே எல்-தைராக்ஸின் என்ற பெயரில் எல்லா மருந்துக்கடைகளிலும் இருக்கிறது, 75 மைக்ரோகிராமிலும் உண்டு. டாக்டர் சீட்டு கட்டாயம். உங்கள் பங்காக 5 யூரோ போல ஆகும். கம்பெனி மாறினால் உடம்பு எடுத்துக்கொள்ளும் அளவில் சின்ன வித்தியாசம் வரலாம் என்பதால், மாறிய 6 முதல் 8 வாரத்துக்குள் ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லுங்கள். பழைய மாத்திரை அட்டையையும் கடைசி ரிப்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள், இங்கே டாக்டருக்கு அவை வேண்டும்.

சரி, இனி டாக்டர் கிடைக்காத கதைக்கு வருவோம்.

வெளிநாட்டுக்காரர்கள் என்பதால்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. பெர்லினில் பிறந்து வளர்ந்தவர்களும் வீடு மாறினால் இதே பதிலைத்தான் கேட்கிறார்கள். உங்கள் பகுதியில் அது இன்னும் அதிகம். லிக்டன்பெர்க், மார்ட்சான்-ஹெல்லர்ஸ்டோர்ஃப், ட்ரெப்டோ-கொப்பெனிக் என்று கிழக்குப் பக்கத்தில் குடும்ப மருத்துவர்கள் குறைவு. சார்லோட்டன்பெர்க்-வில்மர்ஸ்டோர்ஃப் பக்கம் நெருக்கமாக இருக்கிறார்கள். ஆனால் பாகுபாடே கிடையாது என்றும் நான் சொல்ல மாட்டேன். 2023-இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில், ஒரே மாதிரியான வேண்டுகோளை வெவ்வேறு பெயர்களில் கிளினிக்குகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். துருக்கி, நைஜீரியப் பெயர்களுக்கு ஜெர்மன் பெயர்களைவிடக் குறைவாகவே நல்ல பதில் வந்தது. உங்களுக்குள் வந்த சந்தேகம் கற்பனை அல்ல. ஆனால் அந்தச் சந்தேகத்தோடு தேடுவதை நிறுத்திவிட்டால் நட்டம் உங்களுக்குத்தான். யாராவது முகத்துக்கு நேரே உங்கள் நாட்டையோ நிறத்தையோ சொல்லி மறுத்தால், தேதியும் நேரமும் குறித்துக்கொண்டு பெர்லின் மருத்துவர் மன்றத்துக்கு, அதாவது எர்ஸ்டெகாமருக்கு, எழுதுங்கள். இங்கே எழுத்தில் போகும் புகாருக்கு மதிப்பு உண்டு.

ஊரில் இருந்த பழக்கத்தில் நாம் உடம்பு சரியில்லாதபோதுதான் டாக்டரைத் தேடுகிறோம். மாலையில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். இங்கே நல்ல உடம்போடு இருக்கும்போதே ஒரு ஹவுஸ்ஆர்ட்ஸ்டிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், பெயரைச் சேர்த்துவிட வேண்டும். என்னிடம் வரும் புதுக் குடும்பங்கள் எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நீங்கள் ஒருமுறை அவருடைய நோயாளி ஆகிவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகும். ரத்தப் பரிசோதனை, ஸ்பெஷலிஸ்டுக்கான சீட்டு, மாத்திரை தீர்ந்தால் போனில் கேட்டு வாங்கும் மருந்துச்சீட்டு, கணவரின் அலுவலகத்துக்கு நோய்ச் சான்று எல்லாமே அங்கிருந்துதான் நடக்கும். சாதாரண ஜலதோஷத்துக்கு 5 நாள் வரை போனிலேயே நோய்ச் சான்று தர டாக்டருக்கு அனுமதி உண்டு, ஆனால் ஏற்கெனவே தெரிந்த நோயாளிக்கு மட்டும்.

எப்போது கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். இங்கே அரசுக் காப்பீட்டுக் கணக்கு காலாண்டு முறையில் ஓடுகிறது: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். ஒவ்வொரு காலாண்டிலும் ஒருமுறை உங்கள் கார்டைக் கருவியில் போட்டுப் படிக்க வேண்டும். காலாண்டின் கடைசி வாரங்களில் கிளினிக்குகள் நிரம்பி வழியும். முதல் வாரத்தில் கேட்டால் 'சரி, வாருங்கள்' என்று சொல்ல வாய்ப்பு கூடுதல். போனைவிட நேரில் போவது மேல். காலை நேரத்தில் கார்டோடு போய் நில்லுங்கள். புதன், வெள்ளி மதியங்களில் பல கிளினிக்குகள் மூடியிருக்கும், அந்த நாட்களில் அலையாதீர்கள். வரவேற்பில் இருப்பவரிடம் இவ்வளவு சொன்னால் போதும்: "இஷ் ஸூகெ ஐனென் ஹவுஸ்ஆர்ட்ஸ்ட். நேமென் ஸீ நோய்யெ பட்சியென்டன் ஆவுஃப்?" குடும்ப மருத்துவர் தேடுகிறேன், புது நோயாளிகளை எடுக்கிறீர்களா என்று அர்த்தம். உச்சரிப்பு சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. ஜெர்மனில் தொடங்குபவரிடம் அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிப் பேசுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் மட்டுமே தேடாதீர்கள். டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, நகரத்தின் எந்த மூலையிலும் பதியலாம். உங்கள் எஸ்-பான், ஊ-பான் நகர ரயில் தடத்தில் அரை மணி நேரம் வரை நீட்டிப் பாருங்கள். தூரமாக இருந்தால் வீட்டுக்கு வந்து பார்க்க மாட்டார்கள், அது ஒன்றுதான் குறை. காப்பீட்டு டாக்டர்கள் சங்கமான கா-ஃபாவ் நடத்தும் இணையத் தேடலில் டாக்டர் பேசும் மொழியைக் கொடுத்துத் தேடலாம். டாக்டோலிப் செயலியிலும் அந்த வசதி உண்டு. டாக்டோலிப்பில் 'கெசெட்ஸ்லிஷ்', அதாவது அரசுக் காப்பீடு, என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகே நேரம் பாருங்கள். தனியார் காப்பீட்டுக்காரர்களுக்கும் கைக்காசு கொடுப்பவர்களுக்கும் ஒதுக்கிய நேரங்களும் அதில் தெரியும். அதைப் பதிந்துவிட்டால் பில் உங்கள் தலையில் விழும்.

இதற்கெல்லாம் மேலாக, 116117 என்ற எண்ணை இன்றைக்கே இரண்டு பேரும் போனில் பதிந்து வையுங்கள். இந்த ஊருக்கு வந்த எத்தனையோ பேருக்கு இந்த எண் தெரியவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். இதற்கு இரண்டு வேலை. ஒன்று, டாக்டர் தேடித் தருவது. குடும்ப மருத்துவர், குழந்தை மருத்துவர் தேடுவதற்கும் உதவுவார்கள். ஸ்பெஷலிஸ்ட் என்றால், குடும்ப மருத்துவர் தரும் ஊபர்வைசுங் என்ற பரிந்துரைச் சீட்டில் அவசரத்தைக் குறிக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அதைக் கொடுத்தால் ஒரு வாரத்துக்குள் உங்களுக்கு ஒரு நேரம் காட்ட வேண்டும், அந்தத் தேதி 4 வாரத்துக்குள் வர வேண்டும் என்பது விதி. எந்த டாக்டர் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. வழக்கமான செக்கப்புக்கு இந்தக் கெடு பொருந்தாது. பெண்கள் நல மருத்துவரிடமும் கண் மருத்துவரிடமும் போகச் சீட்டே தேவையில்லை. ஆகவே குடும்ப மருத்துவர் கிடைக்கும்வரை காத்திருக்காமல், பெண்கள் நல மருத்துவரை இப்போதே தேடத் தொடங்குங்கள். அடுத்த குழந்தை பற்றிய பேச்சை அவரிடமே ஆரம்பிக்கலாம், டி.எஸ்.எச். பரிசோதனையையும் அவர் எழுதித் தருவார். கர்ப்பம் உறுதியானால் அன்றைக்கே ஒரு ஹெபாமெயையும், அதாவது பேறுகால மருத்துவச்சியையும், தேடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் பார்ப்பார்கள், செலவு காப்பீட்டுடையது. அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இல்லாத பெண்ணுக்கு இதைவிடப் பெரிய துணை இங்கே இல்லை. பெர்லினில் அவர்களும் சீக்கிரம் நிரம்பிவிடுகிறார்கள்.

116117-இன் இன்னொரு வேலை, கிளினிக்குகள் மூடிய பிறகு. உங்கள் பையனின் காய்ச்சல் இரவுக்கு இதுதான் வழி. கேள்விகள் கேட்டுவிட்டு, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா, சில ஆஸ்பத்திரி வளாகங்களில் இருக்கும் குழந்தைகள் இரவுக் கிளினிக்குக்குப் போகலாமா என்று சொல்வார்கள். தேவைப்பட்டால் டாக்டரை வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாடும் உண்டு. ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை, ஆபத்தின் வரிசைப்படி பார்க்கிறார்கள். விடியும்வரை உங்களை உட்கார வைத்தது எவ்வளவு கொடுமை என்று எனக்குப் புரிகிறது. குழந்தை மடியில் கொதிக்கும்போது மணி நகராது. ஆனால் முதலில் பார்த்த நர்ஸ் உங்கள் பையனுக்கு உடனடி ஆபத்து இல்லை என்று முடிவு செய்ததால்தான் காக்க வைத்தார்கள்.

ஊசி போடாததையும் குறையாக எழுதியிருக்கிறீர்கள். வைரஸ் காய்ச்சலுக்கு ஊசியும் வேலை செய்யாது, ஆன்டிபயாட்டிக்கும் வேலை செய்யாது. அவர்கள் கொடுத்த பாராசிட்டமால் சரியான மருந்து, குழந்தையின் எடைக்குத் தக்க அளவில். சிரப்பாகவோ ஆசனவாயில் வைக்கும் மருந்தாகவோ வாங்கி வீட்டில் வையுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் குழந்தைக்கு இதற்குக் காசு கிடையாது. ஊரிலிருந்து கொண்டுவந்த 650 மில்லிகிராம் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

காய்ச்சலின் எண்ணைவிடக் குழந்தை எப்படி இருக்கிறது என்பதைப் பாருங்கள். மூச்சு வாங்குகிறான், எழுப்பினால் விழிக்கவில்லை, வலிப்பு வந்தது, கழுத்தை வளைக்க முடியவில்லை, தோலில் வந்த சிவப்புப் புள்ளிகள் கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையவில்லை என்றால் யோசிக்காமல் அவசர எண் 112. அந்த எண்ணுக்கு அழைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆம்புலன்ஸ் செலவுக்குப் பயந்து டாக்ஸி பிடித்தவர்களை எனக்குத் தெரியும். உங்கள் காப்பீட்டில் ஆம்புலன்ஸுக்குப் பெரியவர்கள் அதிகபட்சம் 10 யூரோ கட்டினால் போதும். கைக்குழந்தையாக, 3 மாதத்துக்குக் கீழே இருந்தால், 38 டிகிரியைத் தொட்டாலே உடனே காட்ட வேண்டும். அடுத்த குழந்தை வரும்போது இதை நினைவில் வையுங்கள். குழந்தை எதையாவது எடுத்து விழுங்கிவிட்டால் பெர்லினின் நச்சு உதவி எண் 030 19240. அதையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

நம் ஆட்கள் இங்கே டாக்டரிடம் சொல்ல மறப்பது ஒன்று உண்டு. ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும், "இந்தியாவிலிருந்து வந்திருக்கிறோம், இந்தத் தேதியில்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். டெங்கு, டைபாய்டு, மலேரியா எல்லாம் ஜெர்மன் டாக்டருக்குப் படித்துத் தெரியும், ஆனால் தினசரி பார்ப்பவை அல்ல. மலேரியாவில் ஒரு வகை, ஊரிலிருந்து வந்து பல மாதம் கழித்தும் தலைகாட்டும். அப்படிச் சந்தேகம் வந்தால் வெட்டிங்கில் இருக்கும் சாரிட்டே ஆஸ்பத்திரியின் ஃபிர்கோ வளாகத்தில் வெப்பமண்டல நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் டாக்டருக்கும் அது தெரிந்திருக்கும். அப்புறம் இன்னொன்று: தெற்காசியர்களுக்கு எடை அதிகம் இல்லாதபோதே சர்க்கரை நோய் வரும். ஒல்லியான ஒருவருக்கு அதைச் சோதிக்க இங்கே யாருக்கும் சட்டென்று தோன்றாது. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று நீங்களே சொல்லி, தைராய்டோடு சேர்த்து எச்.பி.ஏ.1சி என்ற சர்க்கரைப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பையனுக்கென்று தனியாகக் குழந்தை மருத்துவர் வேண்டும். ஊரில் போட்ட தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். தட்டம்மைத் தடுப்பூசிக்கு ஆதாரம் இல்லாமல் கீட்டாவில், அதாவது மழலையர் பள்ளியில், சேர்க்க மாட்டார்கள். 2020 மார்ச்சிலிருந்து அது சட்டம். 5 வயதையொட்டி ஊ-9 என்ற பரிசோதனை வரும். காது, கண், பேச்சு எல்லாம் பார்ப்பார்கள். வீட்டில் தமிழ் பேசுவதைத் தயங்காமல் சொல்லுங்கள், இரண்டு மொழிக் குழந்தை என்று தெரிந்தால்தான் பேச்சைச் சரியாக எடை போட முடியும்.

மொழி விஷயத்தில் உங்களுக்கு ஓர் உரிமை இருக்கிறது. என்ன நோய், என்ன மருந்து, ஏன் என்பதை உங்களுக்குப் புரியும்படி சொல்ல டாக்டர் கடமைப்பட்டவர். புரியாமல் தலையாட்டிவிட்டு வராதீர்கள். போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, என்ன மாத்திரை, என்ன ஒவ்வாமை. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஜெர்மனிலும் ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள். எங்களுக்கு இருக்கும் சில நிமிடங்களில் அந்த ஒரு தாள் நிறையக் காப்பாற்றும். ரிப்போர்ட்டுகளின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் உங்கள் உரிமைதான்.

கணவரின் சம்பளம் உயர்ந்தால் தனியார் காப்பீட்டுக்கு மாறச் சொல்லி முகவர்கள் வருவார்கள். அப்படி மாறத் தேவையான சம்பள வரம்பு 2025-இல் ஆண்டுக்கு 73,800 யூரோவாக இருந்தது, வருடா வருடம் ஏறும். இளம் வயதில் கட்டணம் குறைவாகத் தெரியும். ஆனால் அங்கே உங்களுக்கும் பையனுக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும், 55 வயதுக்குப் பிறகு திரும்பி வருவது கிட்டத்தட்ட முடியாது. உங்கள் குடும்பத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அம்மாவின் வருகைக்கு முன்கூட்டியே சில ஏற்பாடுகள் வேண்டும். உங்கள் காப்பீட்டில் அவரைச் சேர்க்க முடியாது. ஷெங்கன் விசாவுக்கு எடுக்கும் பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், ஆனால் அது திடீர் நோய்க்கும் விபத்துக்கும்தான். ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாந்திர வைத்தியம் அதில் வராது. பழைய நோயால் திடீரென்று வரும் சிக்கலை அது ஏற்குமா என்று பாலிசியில் தேடிப் பாருங்கள். ஏற்கும் பாலிசிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். 3 மாதத்துக்கான மாத்திரைகளை அவரே கொண்டுவரலாம், சொந்த உபயோகத்துக்கு அந்த அளவு அனுமதி உண்டு. கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், இன்சுலின் இருந்தால் கண்டிப்பாகக் கைப்பையில்தான். ஊர் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். மருந்தின் பிராண்ட் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது, மூலப்பெயரும் அளவும் இருக்க வேண்டும். இங்கே டாக்டரைப் பார்க்க நேர்ந்தால் கைக்காசு கொடுப்பவர் என்று முன்பே சொல்லி, எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டுப் போங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் காப்பீட்டைப் பற்றி யோசிக்காமல் 112-ஐ அழையுங்கள். முதலில் சிகிச்சை தருவார்கள், பில் பிறகுதான் வரும்.

அவர் வழக்கமாக வைத்திருக்கும் சர்க்கரை பார்க்கும் கருவியையும், போதுமான பட்டைகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள், மேற்கில் நம் ஊர் போல மில்லிகிராம் கணக்கு. பெர்லினில் இரண்டும் புழங்குகிறது. லிக்டன்பெர்க்கில் யாராவது அம்மாவுக்குச் சர்க்கரை 8 என்று சொன்னால் பதற வேண்டாம், 18-ஆல் பெருக்குங்கள். 144 வரும்.